ஏற்காட்டு ஈரத்துக்கும் சேலத்து வெயிலுக்கும் பொருந்தும் அலுமினியக் கணினி கேபினட் எது? உதவி தேவை

கேட்பவர் (நாகலூர், ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஆண்டில் பாதி நாட்கள் நாகலூர் வீட்டிலும், முகூர்த்த மாதங்களில் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மாமா வீட்டு மாடியிலும் இருந்து வேலை செய்கிறேன். கணினியும் என்னோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இரும்பு கேபினட்டின் அடித்தகட்டிலும் பின்பக்கத் துளைகளின் ஓரங்களிலும் துரு ஏறிவிட்டது. சென்ற ஐப்பசியில் பக்கத் தகட்டைக் கழற்றியபோது மதர்போர்டின் மேலேயே துருப்பொடி உதிர்ந்து கிடந்ததைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. மதர்போர்டையும் பிராசஸரையும் எப்படியும் மாற்றப் போகிறேன். எனவே மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டுக்கு இறங்கவும் தயங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையதுதான். அதன் நீளம் 304 மி.மீ., கனம் 50 மி.மீ. கேபினட்டுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன்.

லியான் லீயின் ஓ11 டைனமிக், ஃபிராக்டல் டெர்ரா, ஃபார்ம்டி டி1 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். துருப் பிடிக்காதது, சேலத்துச் சித்திரை வெயிலில் கணினியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது, எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது என்ற மூன்று தேவைகளுக்கும் எது பொருந்தும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்:

அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம். எந்த அலுமினிய கேபினட்டை வாங்கினாலும் உள்ளே சூடு தானாகக் குறைந்துவிடும். மூன்றில் அழகானதை வாங்குங்கள்.

சூரமங்கலம் வாசகர்:

மேலே நண்பர் சொன்னது பலரும் நம்புவதுதான், ஆனால் அதை நம்பி 25,000 ரூபாய் செலவழித்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். சாதாரண எஃகைவிடத் தூய அலுமினியம் நான்கைந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கேபினட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. சூடு முதலில் காற்றுக்குத்தான் போகிறது. அந்தக் காற்று வெளியே போக வழி இருக்கிறதா என்பதே கேள்வி. ஸ்ட்ரீகாம் டிபி4 போன்ற விசிறியில்லாத கேபினட்டுகளில், வெப்பக் குழாய்கள் பிராசஸரின் சூட்டை நேராகச் சுவருக்கே கொண்டு செல்வதால், அங்கே அலுமினியம் உண்மையில் வேலை செய்கிறது. நீங்கள் பார்க்கும் மூன்றிலும் அப்படி இல்லை.

எடையைப் பொறுத்தவரை அலுமினியத்தின் சிறப்பு கற்பனை அல்ல. அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு என்பதால், 0.8 மி.மீ. எஃகுத் தகட்டின் அளவுக்கு வளையாமல் நிற்க ஏறக்குறைய 1.15 மி.மீ. அலுமினியம் வேண்டும், அப்போதும் எடை பாதிதான் வரும். 1 மி.மீ. தகட்டில் செய்த மலிவான அலுமினிய கேபினட்டுகள் விசிறி ஓடும்போது தகரடப்பாவைப் போல அதிர்வதற்குக் காரணம் இதுவே. 1.5 மி.மீ.க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

துருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தைவானில் 1983 முதல் இயங்கும் லியான் லீ ஒரு காலத்தில் முழுக்க அலுமினியத்தில் செய்த கேபினட்டுகளுக்காகவே பெயர் பெற்றது. இன்றைய ஓ11 டைனமிக்கோ எஃகு உடலின் மேல் அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தியது. அந்தக் கண்ணாடியோடும் அளவோடும் மலைப்பாதையில் ஏறி இறங்குவதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். டெர்ராவின் வெளிப்புறத் தகடுகள் அனோடைசிங் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம், உட்சட்டம் எஃகு. டி1-இன் சட்டமும் தகடும் அலுமினியம்தான், ஆனால் பாகங்களாகப் பிரித்தே வரும், நாமே பூட்ட வேண்டும். கடையில் எதைக் காட்டினாலும் ஒரு சிறு காந்தத்தை உட்புறம் ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. துரு பெரும்பாலும் தகட்டை வெட்டிய விளிம்பிலும் துளையிட்ட ஓரத்திலும்தான் தொடங்கும், ஏனென்றால் துத்தநாகப் பூச்சு அங்கே இல்லை. உங்கள் கேபினட்டின் அடித்தகடு முதலில் போயிருக்கிறது என்றால், அதை எங்கே வைத்திருந்தீர்கள்?

கேட்பவர்:

நன்றி ஐயா. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். வடக்குச் சுவரை ஒட்டி, சிமென்ட் தரையில் நேராக வைத்திருந்தேன். மழைக் காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். மேகம் சன்னல் வழியாகவே உள்ளே வந்து போகும்.

இதோடு தொடர்புடையதா என்று தெரியாத ஒரு சந்தேகமும் உண்டு. நாகலூரில் கேபினட்டின் பின்பக்க ஸ்குருவைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஏறுகிறது. அஸ்தம்பட்டியில் அப்படி இல்லை. முழுக்க உலோகம் தெரியும் கேபினட்டை வாங்கினால் இது கூடுமா?

சேலம் குகைப் பகுதி வாசகர் (எலக்ட்ரீசியன்):

தம்பி, கேபினட்டை வாங்குவதற்கு முன் இதைச் சரி செய்துவிடுங்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்து உடலுக்கும் நியூட்ரலிலிருந்து உடலுக்கும் ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியாக வரும் நூலளவு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் உடல் 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட்டை ஒட்டி மிதந்துகொண்டிருக்கும். அதன் வழியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகவே பாயும் என்பதால் சுரீரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் நாளை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்சுலேஷன் பழுதானால் அதே உடலில் முழு மின்சாரமும் வரும். அன்று காப்பாற்ற எர்த் இருக்காது. அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெயிண்ட் அடித்த இரும்பு இதை ஓரளவு மறைத்து வைக்கும். அனோடைசிங் செய்த அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலமும் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அது பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான் அளவுக்கே இருக்கும். கீறல் விழுந்த இடமும் ஸ்குருத் தலையும் உங்கள் விரலுக்கு வழி விட்டுவிடும். அதே படலத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: பாகம் பாகமாகப் பூட்டும் கேபினட்டில் ஒரு தகடு மற்றொன்றோடு மின்தொடர்பு இல்லாமலே நின்றுவிடலாம். பூட்டி முடித்ததும் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு தகட்டின் ஸ்குருவுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்பு சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில் ஸ்குரு உட்காரும் வட்டத்தை மட்டும் உட்புறமாக லேசாகச் சுரண்டி, பல் வைத்த வாஷரைப் போட்டு முறுக்கினால் போதும். அலுமினியத்தில் மரை எளிதில் தேய்ந்துவிடும். பல முறை கழற்றி மாட்டாதீர்கள், கை இறுக்கமே போதும்.

வீட்டில் கணினி ஓடும்போது, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வருகிறது என்று, பழகிய ஒருவரைக் கொண்டு அளந்து இங்கே எழுதுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகர்:

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டம் அதிகம். பஞ்சுத் தூசியில் பத்து நாளில் வடிகட்டி போர்த்திய கம்பளம் போல ஆகிவிடுகிறது. சேலத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: டெர்ராவில் தகட்டிலேயே துளைகள்தான், தனி வடிகட்டி கிடையாது. அஸ்தம்பட்டியில் எங்கள் அளவுக்குப் பஞ்சு பறக்காது. ஆனாலும் மாதம் ஒரு முறை பிரஷ்ஷும் ப்ளோயரும் கட்டாயம்.

கேட்பவர்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஊரில் உள்ள அண்ணன் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 118 வோல்ட்தான் காட்டியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்தால், மூன்று பின் பிளக்குக்குள் எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை, வெட்டி மடக்கி விடப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் அதில்தான் கை வைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் கூசுகிறது. கம்பியை மாற்றி, காய்ந்து கிடந்த எர்த் குழியிலும் தண்ணீர் ஊற்றிய பிறகு 231 வோல்ட் வருகிறது. ஸ்குருவைத் தொட்டால் ஒன்றும் இல்லை.

எர்த்துக்கும் துருவுக்கும் தொடர்பு இல்லை என்று அந்த அண்ணன் சொன்னார். துருவுக்குக் காரணம் தரையும் அந்தச் சுவரும்தான். மேசையைத் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டேன். இப்போது என் மனம் டெர்ராவின் பக்கம் சாய்கிறது. உட்சட்டம் எஃகு என்பது மட்டும் உறுத்துகிறது.

சூரமங்கலம் வாசகர்:

உறுத்த வேண்டாம். முழு அலுமினியத்தில் வைத்தாலும் குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கத்தான் செய்யும். அது துருவைவிட மதர்போர்டுக்கே கெடுதல். வாரக்கணக்கில் சேலத்தில் தங்கினால் கணினியையும் கூடவே கொண்டு வந்துவிடுங்கள்.

டெர்ராவில் நடுச்சட்டத்தை நகர்த்தலாம். கார்டின் கனமும் பிராசஸர் கூலரின் உயரமும் சேர்ந்து ஏறக்குறைய 120 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். உங்கள் கார்டு 50 மி.மீ. என்றால் கூலருக்கு 70 மி.மீ. கிடைக்கும், நீளத்துக்கு 322 மி.மீ. வரை இடம் உண்டு. சேலத்துக் கோடையில் அறையே 38 டிகிரி இருக்கும்போது 10.4 லிட்டர் பெட்டிக்குள் பெரிய பிராசஸரை அடைக்காதீர்கள். 65 வாட் வகையை எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவில்தான் பொருந்தும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

கேட்பவர்:

கணக்குப் போட்டுப் பார்த்தேன், 67 மி.மீ. உயரக் கூலர் பொருந்துகிறது. ஹார்டு டிஸ்க்குகளை வெளிப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன். எங்கள் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்கு லாரி லாரியாக இறங்கிய காலத்தை அப்பா அடிக்கடி சொல்வார். அலுமினியத்தின் மேல் எனக்குள்ள பிடிப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெட்டி வந்ததும், பூட்டுவதற்கு முன்பே, மல்டிமீட்டரோடு ஒவ்வொரு தகட்டையும் சோதித்து இங்கே எழுதுகிறேன்.

குகை வாசகர்:

பூட்டிய பிறகும் ஒரு முறை சோதியுங்கள், தம்பி. முதல் தடவை மலை இறங்கி வந்ததும் இன்னொரு முறை. வளைவுகளில் அதிர்ந்து ஸ்குரு தளர்ந்திருக்கும்.