1966 மஸ்டாங்: உட்புறத்தை இருந்தபடியே புதுப்பிப்பதா, குதிரை இருக்கைக்கு மாற்றுவதா?

குன்னூர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டவரிடமிருந்து என் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கூப்பே, குன்னூரில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் 14 ஆண்டுகள் நின்றிருந்து, இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 289 கன அங்குல வி8 எஞ்சின், மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர், இடப்பக்க ஸ்டீரிங். எஞ்சின் வேலை முடிந்து பர்லியார் வரை இருமுறை இறங்கி ஏறிவிட்டேன். உட்புறம்தான் மிச்சம்.

கறுப்பு ரெக்சின் இருக்கைகள் தையல் விட்டுப் பிளந்து, உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் பொடியாக உதிர்கிறது. டோர் பேடுகளின் (கதவின் உட்பக்க உறைகளின்) அட்டை அடிப்பக்கம் ஊறி அலை அலையாக வளைந்துவிட்டது. டேஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பிய சிறிது நேரத்தில், எஞ்சின் சூடாவதற்கு முன்பே, பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் ஆகிய மூன்று முட்களும் ஒன்றாகக் கிளம்பி மேல் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. பேட்டரிக்கு ஏறி இறங்கும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் எதற்கும் அசைவதில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். இருக்கைகளை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்கிறபோது, முதுகுப் பகுதியில் ஓடும் குதிரைகள் பதித்த சொகுசு உட்புறத்தையே வரவழைத்துவிடலாமா? ஸ்டீரிங் தண்டின் மேல் அமரும் ‘ராலி பேக்’ எனப்படும் ஆர்.பி.எம். (எஞ்சின் சுழற்சி வேக) மீட்டரும் கடிகாரமும் சேர்ந்த இணைப்பைப் பொருத்துவது மலைச்சாலைக்குப் பயன்படுமா, அல்லது வெறும் அலங்காரம்தானா? மஸ்டாங்கை மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) என்று அழைக்கலாமா என்ற விவாதத்தைத் தயவுசெய்து வேறோர் இழைக்கு ஒத்திவையுங்கள்.

உதகை பழவண்டி

ஒத்திவைத்தேன், ஆனால் அது போனி கார்தான், அதாவது சிறிய, துடிப்பான தோற்றமுள்ள வகை.

நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அதன் பின்விளிம்பில் தறையப்பட்டிருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். அதில் உடல் வகைக்கான குறியீடு 65ஏ என்றிருந்தால் உங்கள் வண்டி சாதாரண உட்புறத்துடன் ஆலையிலிருந்து வெளிவந்த கூப்பே. 65பி என்றிருந்தால் சொகுசு உட்புறத்துடன் வந்தது. 65சி என்றால் முன்பக்கம் ஒரே நீள இருக்கை. உட்புற நிறத்துக்குத் தனி எண் உண்டு: கறுப்பில் 26 என்பது சாதாரணம், 66 என்பது சொகுசு. பெரியப்பாவின் காலத்திலோ அதற்கு முன்போ யாராவது இருக்கைகளை மாற்றியிருந்தாலும் தகடு உண்மையைச் சொல்லிவிடும்.

நீங்கள் குறிப்பிடும் குதிரை உட்புறம் 1965 மாடல் ஆண்டின் நடுவில் அறிமுகமாகி 1966 வரை கிடைத்த ஒரு தொகுப்பு. பலரும் இருக்கை உறையை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அதுதான் கண்ணை உறுத்தும். கைதாங்கி உடன் வார்க்கப்பட்ட டோர் பேடுகள், கைத்துப்பாக்கிப் பிடி போன்ற கதவுத் திறப்பான்கள், கதவின் கீழ்ப்பகுதியில் எரியும் சிறு விளக்குகள், மீட்டர் பலகையிலும் கையுறைப் பெட்டி மூடியிலும் மரவரி ஒட்டு, மரம் போலத் தோன்றும் ஸ்டீரிங் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அத்தொகுப்பு. அந்த மரவரி எதுவும் உண்மையான மரம் அன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன். நேரில் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

65ஏ வண்டிக்கு 65பி உடை போடுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளில் 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் தருகிறார்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பதே அவ்விதியின் கவலை; இருக்கைத் துணியைப் பற்றி அது பேசவில்லை. எனினும் என் கருத்து வேறு. சாதாரண உட்புறத்துடன் பிறந்த வண்டிகளே மிகுதி. அவற்றுள் இன்று குதிரை பதிக்காமல் மிஞ்சியவற்றைக் காண்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. 1966இல் எல்லா மஸ்டாங்குகளுக்கும் ஐந்து வட்ட மீட்டர் பலகை பொதுவாகிவிட்டதால், உங்கள் டேஷ்போர்டு எந்த வகையிலும் ஏழை இல்லை. முந்தைய ஆண்டின் சாதாரண வண்டிகளில் ஃபோர்டின் ஃபால்கன் காரிலிருந்து எடுத்த கிடைமட்ட ஸ்பீடாமீட்டர்தான் இருந்தது.

கோத்தகிரி வயரிங்

மூன்று முட்களும் ஒன்றாக ஏறுகின்றன என்ற ஒரே வரியில் விடை இருக்கிறது. பெட்ரோல் தொட்டியிலுள்ள மிதவையும், எஞ்சினில் திருகியிருக்கும் இரண்டு சென்சர்களும் ஒரே நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அம்மூன்று மீட்டர்களுக்கும் மின்சாரம் தரும் பொது இடம் ஒன்று உண்டு. மீட்டர் பலகையின் பின்புறம் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு மின்னழுத்தச் சீராக்கி இருக்கும். உள்ளே ஓர் இரட்டை உலோகப் பட்டை சூடாகி விலகியும் குளிர்ந்து ஒட்டியும் 12 வோல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி, சராசரியாக 5 வோல்ட் அளவுக்கு மீட்டர்களுக்கு அனுப்புகிறது. தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டாலோ, சீராக்கியின் உடலுக்கு எர்த் கிடைக்காவிட்டாலோ, முழு 12 வோல்ட்டும் மீட்டர்களுக்குள் பாயும். ஆகவே இப்போதைக்கு வண்டியை ஓட்டாதீர்கள். மீட்டர்களின் உள்ளே இருக்கும் மெல்லிய வெப்பச் சுருள் கருகினால் செலவு பல மடங்காகும்.

முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் ஈரத்தில் 14 ஆண்டுகள் நின்ற வண்டியில் திருகுக்கும் தகட்டுக்கும் இடையே பச்சை பூத்திருக்கும். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் சீராக்கியை மாற்றுங்கள். பழைய தோற்றத்திலேயே உள்ளே மின்னணுச் சுற்று வைத்த மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. பிறகு பெட்ரோல் மீட்டரைச் சோதிக்க, தொட்டியிலிருந்து வரும் வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 10 ஓம் மின்தடையை வைத்தால் முள் நிறைவையும், 73 ஓம் வைத்தால் வெறுமையையும் காட்ட வேண்டும். மீட்டருக்கு நேரடியாக பேட்டரி மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அவர்களைத் தொட விடாதீர்கள்.

டெம்பரேச்சர் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதில் டிகிரி எண்கள் கிடையா. குளிர், சூடு என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது; மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து நிற்கும் இடத்தில், முள் ‘சூடு’ எழுத்தைத் தொடுவதற்கு முன்பே தண்ணீர் பொங்கிவிடலாம். சீராக்கி சரியானதும், தெர்மோஸ்டாட் உறையின் மேல் வெப்பமானியால் அளந்து, முள் எங்கே நிற்கும்போது எத்தனை டிகிரி என்பதை ஒரு முறை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரை பதித்த இருக்கையை விட இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.

ஆம்மீட்டரின் முள் அசையாததற்குக் கவலை வேண்டாம். வயர் அதன் முதுகுப் பக்கமாக வளைந்து செல்வதால் எழும் காந்தப் புலத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. நல்ல நிலையிலும் சோம்பேறிதான்.

ராலி பேக் வேண்டாம் என்பேன். அதன் ஆர்.பி.எம். மீட்டர், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குச் செல்லும் மின்பாதையிலேயே தொடராக இணைவது. மீட்டருக்குள் ஓர் இணைப்பு விட்டுப்போனால் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றுவிடும். தானியங்கி கியர் வண்டியில் அந்த முள்ளைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?

உதகை பழவண்டி

கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளிலும் இறங்கும்போது லீவரைக் கீழ் கியருக்குத் தள்ளிப் பிடிப்பது தானியங்கி வண்டியிலும் அவசியம். அப்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று தெரிவது அலங்காரம் அன்று. வாங்குவதானால், ஐந்து மீட்டர் பலகைக்கு உரிய தாழ்ந்த வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்; உயர்ந்த வடிவம் 1965இன் கிடைமட்டப் பலகைக்கு உரியது, உங்கள் வண்டியில் மீட்டர்களை மறைக்கும். 6,000 வரை எண்ணிட்டதே உங்களுக்குப் பொருந்தும். 8,000 வரை உள்ளது 271 குதிரைத்திறன் கொண்ட ‘கே’ எஞ்சினுக்கானது. கடிகாரம் ஓடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கும்போது அதன் தொடுமுனைகள் விலகாமல் நின்று கருகிவிடும். என்னுடையது ஏழு ஆண்டுகளாக நாலேகாலையே காட்டுகிறது.

கொடைக்கானல் குஷன்

இருபது ஆண்டுகளாக இருக்கை வேலை செய்கிறேன். கொடைக்கானலின் ஈரமும் குன்னூரின் ஈரமும் உடன்பிறந்தவை. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது இருக்கை அன்று, அடிப்பக்கம் ஊறிய டோர் பேடு. கதவுக் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவின் உட்கூட்டில் வழிந்து கீழ்த் துளைகளால் வெளியேற வேண்டும். அட்டையில் படாதிருக்க இரும்புக்கும் பேடுக்கும் இடையே ஒரு தடுப்புத் தாள் உண்டு. பேடைக் கழற்றிய யாரோ அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கனமான பாலித்தீன் தாளை வெட்டி, அதன் கீழ்விளிம்பு கதவின் உட்பக்கம் செருகி நிற்குமாறு ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் எந்த விலையில் பேடு வாங்கினாலும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

அடுத்து, புதிய கார்ப்பெட் விரிக்கும் முன் ஒரு சோதனை. முன்கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் பின்விளிம்பை ஒட்டிய கம்பித் துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே படுத்து டார்ச் அடித்து டேஷ்போர்டின் அடியைப் பார்க்கட்டும். 1965, 1966 மஸ்டாங்குகளில் அத்துளைகளுக்குக் கீழுள்ள இரட்டைத் தகட்டுப் பகுதி துருப்பிடித்து, காற்று வரும் வாய்களைச் சுற்றி ஒழுகுவது உலகறிந்த குறை. தண்ணீர் முன்தளத்தில் சொட்டினால், கார்ப்பெட்டின் அடியில் தங்கித் தளத்தையே தின்றுவிடும். வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு மேல்தகட்டைப் பிரித்து ஒட்டுப் போட வேண்டும். டிங்கர் வேலையில் பொறுமைசாலியைத் தேடுங்கள். மேலிருந்து பசையைக் கொட்டி மூடித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

இருக்கைக்கு வருவோம். உறையைக் கழற்றியதும் சுருள்வில்களையும் சட்டத்தையும் துரு நீக்கிப் பெயின்ட் அடித்து, வில்லின் மேல் புதிய சணல் துணி கட்டி, அச்சு வார்த்த ஃபோம் வைத்து, அதன் பிறகே உறை போட வேண்டும். சாதாரண உறைக்கும் குதிரை உறைக்கும் உள்வேலை ஒன்றே. குதிரைப் பதிப்பு வெப்பத்தால் அச்சிடப்படுவது. இங்கே ரெக்சினில் தைத்துக் கொண்டுவருகிற குதிரை கழுதையாகத்தான் முடியும் என்பதால், அதை விரும்பினால் அச்சிட்டதையே வரவழையுங்கள். சாதாரண உறையை நான் இங்கேயே தைத்துவிடலாம், பழைய உறையைக் கிழிக்காமல் கொண்டு வந்தால் போதும்.

குன்னூர்க்காரன்

பெருமக்களுக்கு நன்றி. தகட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 65ஏ, 26. ஆகவே குதிரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் என் மகளுக்கு மட்டும் வருத்தம்.

சீராக்கியின் திருகைக் கழற்றிச் சுரண்டி மீண்டும் இறுக்கியதில் மூன்று முட்களும் இறங்கிவிட்டன. 60 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 20 லிட்டர் ஊற்றியிருந்தேன். முள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. வாளிச் சோதனையில் ஓட்டுநர் பக்கம் உலர்ந்தே இருந்தது, வலப்பக்கம் நான்கு நிமிடத்தில் சொட்டத் தொடங்கியது. கொடைக்கானல் ஐயா, அப்பகுதியைப் பிரிக்கும்போது மீட்டர் பலகையையும் கழற்ற வேண்டியிருக்குமா, அல்லது முன்கண்ணாடியை எடுத்தால் போதுமா?

கொடைக்கானல் குஷன்

மேல்தகடு வெளிப்பக்கமாகத்தான் பிரியும். பானட்டையும் முன்பக்கத்து இரண்டு ஃபெண்டர்களையும் கழற்ற வேண்டியிருக்கும். கண்ணாடியை எடுத்துவிடுவது பாதுகாப்பு, வெல்டிங் பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி விழும். மீட்டர் பலகையைக் கட்டாயமாகக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் அடியில் ஈரச் சாக்கு போடச் சொல்லுங்கள். இருக்கைகளை அதுவரை வண்டியில் வைக்காமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எனக்கு அனுப்பினால் தைப்பதற்கும் காய்வதற்கும் நேரம் இருக்கும்.