ஸ்லோவாக் நோயாளி சொன்ன ‘நொ’

மலைத்தும்பை

ஏழெட்டு வருஷம் ஆகியும் இது என்னை விடவில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பக்கம் நர்ஸாக இருக்கிறேன், பேஜ் ஹால் பகுதியில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரோமா இனக் குடும்பங்கள் நிறைய என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அன்று காலை குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். லிஸ்டில் அவர்தான் முதல் ஆள், மொழிபெயர்ப்பாளர் வர இன்னும் அரை மணி நேரம். கூட அவருடைய பதினொரு வயது மகன். நான் கையை வாயருகே கொண்டுபோய் ‘ஈட்? டுடே?’ என்று கேட்டேன். அவர் ‘நொ… நொ, ட்ரொஹு’ என்றார். பையனும் இல்லை என்று தலையாட்டினான். சாப்பிடவில்லை என்று டிக் அடித்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்ததும், தான் இல்லாதபோது கேட்டதையெல்லாம் திரும்பக் கேளுங்கள் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சரி என்று கேட்டேன். நோயாளியின் பதிலை அந்த அம்மா ‘நான்’ என்றே சொன்னார்: “ஆமாம், நான் கொஞ்சம் சாப்பிட்டேன். ஏழு மணிக்கு, ரொட்டியும் பன்றிக்கொழுப்பும்.” அவர்கள் பேச்சில் ‘நொ’ என்றால் ‘ம்… ஆமா’ என்று இழுப்பது மாதிரியாம். ட்ரொஹு என்றால் கொஞ்சம். ஆறு மணி நேரமாவது திட உணவு வயிற்றுக்குள் போயிருக்கக் கூடாத ஆள்! மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் வரும். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அந்த அம்மாவிடம் இதற்கு என்ன படித்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டார்.

பிரஷோவ் மருமகன்

அக்கா, என் மனைவி ஸ்லோவாக்கியாக்காரர், அந்தப் படிப்பை முடித்தவர். பொதுச் சேவைகளில் உரைபெயர்ப்பதற்கான டி.பி.எஸ்.ஐ. என்ற டிப்ளோமா. அவர் எழுதியது சட்டப் பிரிவு, நீங்கள் பார்த்த மொழிபெயர்ப்பாளர் அம்மா மருத்துவப் பிரிவாக இருக்கலாம். இருவர் நடுவே நின்று பேசுவது, காதோரம் கிசுகிசுத்துக்கொண்டே போவது, தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாய்விட்டுச் சொல்வது, எழுத்தில் பெயர்ப்பது என எல்லாமே உண்டு. முதல் தடவை ஒரு பகுதி போனது, மறுபடி எழுதினார். உண்மையைச் சொன்னால் டிப்ளோமாவுக்கு முன்பே அவர் நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு மறக்காதது சமையலறை. பயிற்சிக்காக நான் போலீஸ்காரர் பேச்சை வாசிப்பேன், அவர் ஸ்லோவாக்கில் சொல்வார். ஒரு நாள் ‘பெயில்’, அதாவது ஜாமீன், என்ற சொல் வந்தது, அவர் அகராதியில் உள்ளபடி ‘கவுட்சியா’ என்றார். ஸ்லோவாக்கியாவில் பிரஷோவிலிருந்து வந்திருந்த மாமியார் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, “எவ்வளவு?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அங்கே கவுட்சியா என்றால் கட்டவேண்டிய பணம். இங்கிலாந்தில் ஸ்டேஷனிலிருந்து பெயிலில் விடும்போது பெரும்பாலும் ஒரு பவுண்டும் கட்ட வேண்டாம், சொன்ன தேதியில் திரும்பி வந்தால் போதும். அந்தச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஒரு குடும்பம் கடன் வாங்க ஓடியிருக்கும். அன்றிரவு அவர் குறிப்பேட்டில் அதை அடித்துவிட்டு, ‘குறித்த நாளில் வரும் கடமையோடு விடுவிப்பு’ என்று ஒரு முழு வரி எழுதினார்.

கிழக்கு லண்டன் வாசி

நான் தமிழ் உரைபெயர்ப்பாளர். முதலில் மலைத்தும்பைக்கு. குறை சொல்வதாக எடுக்க வேண்டாம், ஆனால் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையை நீங்கள் ஒரு வரியில் கடந்து போனது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளை வைத்து மருத்துவம் கதைக்கக் கூடாது. தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரைப் பிடித்திருக்கலாம்.

அடுத்தது மருமகன் தம்பிக்கு. டிப்ளோமாவுக்கு முன்பே நன்றாகச் செய்தார் என்று யார் சொன்னது? பிழையைக் கண்டுபிடிக்க அறையில் யாருக்கும் மற்ற மொழி தெரியாதே! உங்கள் மாமியார் இருந்ததால் ஒரு சொல் பிடிபட்டது. 1981இல் பர்மிங்காமில் இக்பால் பேகம் என்ற பெண்ணுக்குக் கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை. உரைபெயர்க்க வந்தவருக்கு அவருடைய வட்டாரப் பேச்சு சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் வெளிவந்தது. 1985இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 1994இல் பொதுச் சேவை உரைபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியதற்குப் பின்னால் இப்படியான வழக்குகள் இருக்கின்றன.

நான் கண்டது சிறியது. நான் உரைபெயர்க்க வேண்டிய வழக்குக்காக நீதிமன்றத்தின் பின்வரிசையில் காத்திருந்தேன். ஒரு ரோமாப் பெண் எல்லாக் கேள்விக்கும் “ஆனொ, ஆனொ” என்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்லோவாக் உரைபெயர்ப்பாளர் எழுந்து, “உரைபெயர்ப்பாளராக நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க விரும்புகிறேன், இவருடைய தாய்மொழி ரோமா மக்களின் ரோமானி என்று நினைக்கிறேன், நான் சொல்வது முழுதாக விளங்குகிறது என்று என்னால் உறுதி தர முடியாது” என்றார். அன்றைய வேலையைத் தானே இழந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த டிப்ளோமா எழுத நினைப்பவர்கள் கேளுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் போய் இருங்கள், காசில்லை. வானொலிச் செய்தியை ஒரு வசனம் பிந்தி வாய்க்குள் சொல்லிப் பழகுங்கள். தெஃப்ட், ராபரி, பர்க்லரி மூன்றையும் ‘களவு’ என்று ஒரே சொல்லில் போடாதீர்கள், ஸ்லோவாக்கிலும் களவுக்கும் கொள்ளைக்கும் வேறு வேறு சொல் உண்டு. செக் மொழி தெரிந்தால் ஸ்லோவாக் தெரியும் என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். விசாரிக்கும் முன் பொலிஸ் சொல்லும் எச்சரிக்கையின் நடு வசனத்தை, கேட்கும்போது சொல்லாததைப் பின்பு நீதிமன்றத்தில் உங்கள் தரப்புக்கு ஆதாரமாகக் காட்டினால் பாதகம் வரலாம் என்பதை, நித்திரையில் எழுப்பினாலும் சொல்லவேண்டும். தேறிய பிறகும் பதிவேட்டில் முழுத்தகுதி பெற 400 மணி நேர வேலையைக் காட்டவேண்டும். அதுவரை இடைக்காலத் தகுதிதான்.

பிரஷோவ் மருமகன்

அண்ணா, நன்றாகச் செய்தார் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பழகினால் எல்லாம் வந்துவிடும் என்கிற தொனியை ஏற்க முடியவில்லை. உரைபெயர்ப்பவர், யாருக்காகப் பேசுகிறாரோ அவராகவே ‘நான்’ என்று பேசவேண்டும் என்பது விதி. ஸ்லோவாக்கில் ‘நான் இருந்தேன்’ என்பதை ஆண் சொன்னால் ‘பொல் சொம்’, பெண் சொன்னால் ‘பொலா சொம்’. ஆண் டாக்டருக்காக என் மனைவி பேசும்போது எதைச் சொல்வது? தமிழில் உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர் டாக்டரின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறார், முதல் வாரம் ஒவ்வொரு முறையும் நாக்கு தடுக்கியதாம்.

மலைத்தும்பை

லண்டன் அண்ணா, பையனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆபரேஷன் தள்ளிப்போனது தெரிந்ததும் அவன் காரிடாரில் என்னிடம் வந்தான். அப்பா சாப்பிட்டதைப் பார்த்தேன், சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றான். நல்ல ஆங்கிலம். முதல் பதிவில் இதை எழுதக் கை வரவில்லை.