டயர் கழற்றி மாட்ட 1,000 என்று நினைத்தேன், ரசீது 3,723: இது சரியான கூலியா?

மலைக்கோட்டைவாசி (சனி, மாலை 6.40)

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் வாங்கிய நான்கு டயர்களை இன்று காலை எங்கள் ஊர்க் கடை ஒன்றில் மாட்டினேன். நேற்றுத் தொலைபேசியில் விசாரித்தபோது சக்கரத்துக்கு 250 ரூபாய் என்று சொன்னார்கள். மொத்தம் 1,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டுப் போனேன். வேலை முடிந்ததும் 3,723 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்ததால் வாக்குவாதம் செய்ய மனமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். டயர் கழற்றி மாட்ட உண்மையில் எவ்வளவு வாங்குகிறார்கள்? திங்கட்கிழமை வெளியூர் போக வேண்டும், அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

நான்காம்கியர் (6.52)

நண்பரே, எந்த வண்டி, எத்தனை அங்குல ரிம், இரும்பு டிஸ்க்கா அலாய் வீலா, ரசீதில் வரிவாரியாக என்னென்ன இருக்கிறது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. 13 அங்குல இரும்பு டிஸ்க்குக்கும் 17 அங்குல அலாய்க்கும் கூலி ஒன்றாக இருக்காது. ரசீதை அப்படியே எடுத்து எழுதுங்கள், பார்க்கலாம்.

காற்றழுத்தம் (6.58)

முதலில் நைட்ரஜன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. மீதியையும் நைட்ரஜனாக்குவதற்கு ஒரு சக்கரத்துக்கு 50 ரூபாய் கொடுப்பதைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். எந்த டயர்க் கடை ரசீது கூடுதலாகத் தெரிந்தாலும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பட்டறைமூத்தவர் (7.15)

தம்பி, முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியில் டயர் வாங்கிக்கொண்டு கடைக்கு வருபவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கழற்றி மாட்டுவது ஒரு வேலை, சக்கரத்தில் சிறு எடைகளை ஒட்டிச் சமன்செய்யும் பேலன்சிங் ஒரு வேலை, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் ஒரு வேலை. இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரியாமல் தொலைபேசியில் ஒரு விலையைக் கேட்டுவிட்டு, அதுவே மொத்தச் செலவு என்று எண்ணியது உங்கள் தவறு. கேட்கத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

மலைக்கோட்டைவாசி (7.40)

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 185/65 ஆர்15 அளவு, அலாய் வீல். ரசீதில் இருப்பவை: கழற்றி மாட்டுதல் 4 × 250 = 1,000; வால்வு 4 × 80 = 320; பேலன்சிங் 4 × 150 = 600; பேலன்சிங்குக்கு ஒட்டிய எடை 145 கிராம் × 3 = 435; அலைன்மெண்ட் 600; நைட்ரஜன் 4 × 50 = 200. மொத்தம் 3,155, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்த்து 3,723. நைட்ரஜன் வேண்டுமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காற்றழுத்தம் (7.44)

நான் சொன்னது சரியாகப் போயிற்று. கேட்காமல் அடித்த அந்த 200 ரூபாயைத் திரும்பக் கேளுங்கள்.

ஈரோட்டுக் கடைக்காரர் (8.20)

நானும் டயர்க் கடைதான் வைத்திருக்கிறேன், ஆகவே கூலி எதற்கு என்பதை விளக்குவது என் கடமை. ஒரு டியூப்லெஸ் டயரை மாற்றும்போது வால்வின் உள்பின்னைத் திருகி எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கி, இரு பக்கமும் இயந்திரத் தகட்டால் அழுத்தி ரிம்மிலிருந்து டயரின் ‘பீட்’ எனும் உள்விளிம்பைப் பிரித்து, சக்கரத்தைச் சுழல்மேசையில் கவ்வவைத்து, விளிம்பில் பசை தடவி, அலாயில் ஒரு கீறலும் விழாதபடி இயந்திரத்தின் தலைப்பகுதியை ரிம்மிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தித்தான் பழைய டயரை உரிக்க வேண்டும். புதியதை ஏற்றிக் காற்றடிக்கும்போது இரண்டு பக்கமும் ‘டப்’ ‘டப்’ என்று உட்கார்ந்தால்தான் வேலை முடிந்தது; 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி பசை தடவ வேண்டுமே தவிர, மேலும் அழுத்தம் ஏற்றினால் டயர் வெடித்துக் கை போய்விடும். அலாய் கீறினால் முழுப் பொறுப்பும் எங்களுடையது. என் கடையில் 15 அங்குல அலாய்க்கு 200 வாங்குகிறேன். 250 என்பது சற்றுக் கூடுதல், ஆனால் அநியாயம் அல்ல. டயர் எங்களிடமே வாங்கினால் மாட்டுக்கூலி வாங்குவதில்லை, ஏனென்றால் டயர் விலையிலேயே எங்களுக்கு ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. வால்வு ரப்பரால் ஆனது, வெடிப்பு விட்டுக் காற்றுக் கசியும் என்பதால் டயரோடு சேர்த்து மாற்றுவது சரியான வழக்கம். அந்த 320 ரூபாயைக் குறை சொல்ல வேண்டாம்.

நுகர்வோன் (8.41)

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் வெளியில் டயர் வாங்கி வருபவரிடமிருந்து முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு, டயர் உங்களிடம் வாங்குபவருக்கு இலவசம் என்பது, வேறு இடத்தில் வாங்கியதற்கான தண்டனைபோல ஆகிறது. கூலி என்றால் அது வேலைக்கான விலை. டயர் எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்து அது ஏன் மாற வேண்டும்? தொலைபேசியில் கேட்ட மனிதரிடம் மற்ற வரிகளையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியது கடையின் கடமை.

ஈரோட்டுக் கடைக்காரர் (8.55)

தண்டனை என்று சொல்வது நியாயமில்லை. டயர் விற்ற பங்கில்தான் என் இயந்திரத்துக்கும் கம்ப்ரெசருக்கும் பையனின் சம்பளத்துக்கும் வழி பிறக்கிறது. அந்தப் பங்கு வேறொருவருக்குப் போகும்போது கூலியில்தான் நான் அதை எடுக்க வேண்டும். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் கடையில் விலைப்பலகை தொங்குகிறது, ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி.

பட்டறைமூத்தவர் (9.05)

விலைப்பலகையைப் படிப்பவர் யார்? அதைப் படித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

நுகர்வோன் (9.11)

அந்தக் கடையில் பலகை இருந்ததா என்றே நமக்குத் தெரியாது, அதற்குள் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

நாமக்கல்_லாரி (9.18)

நீங்கள் காரைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் நிலையையும் கேளுங்கள். 10.00-20 அளவு டியூப் டயரில், டயரை ரிம்மில் பூட்டும் இரும்பு வளையமான லாக் ரிங்கை சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு கழற்றி, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பையும் டியூபையும் உருவி, மீண்டும் பூட்டிக் காற்றடிக்க வேண்டும். ரிங் சரியாக உட்காராமல் காற்றேற்றினால் அது பறந்து வந்து ஆளையே கொன்றுவிடும். நல்ல பட்டறையில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிப்பார்கள். அப்படிச் செய்பவரிடம் நான் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்டதில்லை.

மொன்றியல்வாசி (9.50)

இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிம்மோடு சேர்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றினால் ஒரு விலை, ரிம்மிலிருந்து ரயரைக் கழற்றி மற்றதை மாட்டினால் அதைவிடக் கூடிய விலை. அதனால் பலர் குளிர்கால ரயர்களுக்கென்றே ஒரு தனி ரிம் தொகுதியை வாங்கி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிக் கேட்கும்போது “பேலன்சிங் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று நான் தவறாமல் கேட்பேன்.

நான்காம்கியர் (10.05)

மீண்டும் ரசீதுக்கு வருவோம். ஜி.எஸ்.டி.யில் பிழையில்லை, புதிய கார் டயருக்குத்தான் 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காடு 18 ஆகக் குறைந்தது, கூலிக்கு முன்பும் 18 தான். அலைன்மெண்டும் அவசியமே, நான்கும் புதிது என்றால் டோவை, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, சரிபார்க்காவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு ஓரம் தேய்ந்துவிடும். என்னை உறுத்துவது 145 கிராம். புதிய டயருக்குச் சக்கரத்துக்கு 10 முதல் 30 கிராம் வரை போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பழைய எடைகளை உரிக்காமலே அடுத்தடுத்து ஒட்டினார்களா என்று பார்க்க வேண்டும். காரை வெயிலில் நிறுத்தி, டார்ச் அடித்து அலாயின் உட்புறத்தைப் பாருங்கள். பல டயர்களின் பக்கச் சுவரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அதுதான் டயரின் எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வர வேண்டும். அதையும் கவனியுங்கள்.

மலைக்கோட்டைவாசி (ஞாயிறு, காலை 9.25)

இப்போதுதான் படுத்துக்கொண்டு பார்த்தேன். பின் இடதுச் சக்கரத்தில் பளபளவென்று 14 புதிய எடைக் கட்டிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 5 என்று பொறித்திருக்கிறது. அவற்றுக்கு நேர் எதிர்ப்புறம் பிரேக் தூசி படிந்து கறுத்துப்போன எட்டுப் பழைய கட்டிகள் அப்படியே இருக்கின்றன. முன் இடதில் எட்டுப் புதியவை, ஐந்து பழையவை. வலதுபுறச் சக்கரங்களில் பழையவை இல்லை. மூன்று சக்கரங்களில் மஞ்சள் புள்ளி வால்வின் அருகே இருக்கிறது. பின் இடதில் மட்டும் எதிர்ப்பக்கம்.

ஈரோட்டுக் கடைக்காரர் (9.40)

இதை ஒரு கடைக்காரனாக நான் நியாயப்படுத்த மாட்டேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துடைத்து, பிறகுதான் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினால் இயந்திரம் பழைய எடையையும் சேர்த்துத்தான் அளக்கும், அதை ஈடுகட்ட மேலும் எடை கேட்கும். கிராம் கணக்கில் பணம் வாங்குபவருக்கு இதனால் லாபமே தவிர நஷ்டமில்லை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை, அவசரத்தில் பையன் விட்டிருக்கலாம். ஆனால் பணம் உங்களுடையது. நேரில் போய், கோபப்படாமல், சக்கரத்தைக் காட்டிப் பேசுங்கள். பழையதை எடுத்து மறுபடி பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். பின் இடதுச் சக்கரத்தில் காற்றை இறக்கி, மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி டயரைத் திருப்பி மாட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பட்டறைமூத்தவர் (9.58)

பழைய எடையை எடுக்காமல் ஒட்டுவது கைத்தொழிலுக்கே அவமானம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

காற்றழுத்தம் (10.10)

நைட்ரஜன் பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மறுபடி நினைவூட்டுகிறேன்.

மலைக்கோட்டைவாசி (ஞாயிறு, மாலை 5.15)

போய்விட்டு வந்தேன். சக்கரத்தைக் காட்டியதும் முதலாளியே வந்து பார்த்தார், வேறு பேச்சில்லை. எல்லாவற்றையும் உரித்து, பின் இடது டயரைத் திருப்பி மாட்டிச் சோதித்தார்கள். இப்போது முன் இடதுக்கு 15 கிராம், பின் இடதுக்கு 25 கிராம். வலதுபுறத்தின் 35 கிராமையும் சேர்த்து மொத்தம் 75. குறைந்த 70 கிராமுக்கு வரியோடு 248 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். நைட்ரஜன் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி.

நான்காம்கியர் (5.30)

நல்லது. நாளை ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்றும் கேட்க மறந்தேன்: கழற்றிய பழைய நான்கு டயர்கள் எங்கே? கடையிலேயே விட்டுவந்தீர்களா? பழைய டயருக்கும் ஒரு விலை உண்டு, அதை ரசீதில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நுகர்வோன் (திங்கள், காலை 8.05)

மலைக்கோட்டைவாசி, பழைய டயர்களைப் பற்றிச் சொல்லுங்கள். மேலே இருக்கும் ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை.