வளவு வீட்டு (பங்காளிகளோட பொதுவான பூர்வீக வீடு) வாட்ஸ்அப் குரூப்: 150 பேருக்கு இடைப்பலகாரம்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோட்டையூர் ஆச்சி: எல்லாருக்கும் ஒரு சேதி, கேட்டரிங் ஆரம்பிச்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன், சும்மா பேச்சு இல்ல மொத ஆர்டரே வந்துருச்சு. கானாடுகாத்தான்ல ஒரு சாந்தி, அறுவதாங் கல்யாணந்தான், அடுத்த மாசம், சாயங்காலம் இடைப்பலகாரம் மட்டும் 150 பேருக்கு. வெள்ளைப் பணியாரம், கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு, தேங்கா சட்னி, காபி. எலைக்கு 80 ரூவா சொல்லிருக்கேன்

பெங்களூர் தம்பி: சூப்பர் ஆச்சி. 80 எப்புடி வந்துச்சு

கோட்டையூர் ஆச்சி: மளிகையக் கூட்டி அதுமேல கொஞ்சம் வச்சேன்

பெங்களூர் தம்பி: அதுல கேஸ் எங்க, கூடமாட நிக்கிற ஆள் கூலி எங்க, வண்டி வாடகை எங்க, நீங்க விடியக்காலைலேருந்து நிக்கப்போறீங்களே அந்தக் கூலி எங்க. வீட்டு சிலிண்டர யாவாரத்துக்கு வைக்கக்கூடாது, 19 கிலோ கமர்சியல்தான் வாங்கணும்

சென்னை அம்மான்: நமக்கு வேண்டப்பட்ட வீடு போலருக்கே, பாத்துப் பண்ணும்மா

பெங்களூர் தம்பி: அம்மான், அப்புடிப் பாத்தா காரைக்குடி பூராவும் நமக்கு வேண்டப்பட்டவுகதான் 😂

தேவகோட்டை அயித்தை: வெலைய அப்பறம் பேசுங்க. யாரு இந்த மெனு போட்டது

கோட்டையூர் ஆச்சி: அவுகதான் கேட்டாக அயித்தை

தேவகோட்டை அயித்தை: ஆளுக்கு ரெண்டுன்னா 300 பணியாரம். வெள்ளைப் பணியாரம் ஒரு எண்ணெய்ச் சட்டில ஒண்ணுதான் ஊத்தலாம், அது உப்பி மேல வந்து திருப்பிவிட்டு எடுக்க ஒரு நிமிசம் வச்சுக்க, ஒத்தச் சட்டிக்கு அஞ்சு மணி நேரம். மூணு சட்டி வச்சாலும் ஒண்ணே முக்கா மணி ஆகும். மாவு நைசா ஆட்டிருந்தாத்தான் ஓரம் மொறுமொறுன்னு நடுவுல மெத்துனு வரும், அதுவும் சூட்டோட இருக்கற வரைக்கும்தான், மொத ஈடு கடேசிப் பந்திக்குப் போகும்போது வறட்டி. நம்ம வீட்டுல எட்டுப் பேருக்கு ஊத்தறது வேற இது வேற

பள்ளத்தூர் அண்ணன்: அயித்தை கணக்கு கரெக்ட். அடுப்பு எத்தனை, சட்டி எத்தனைன்னு பாத்துத்தான் மெனு பேசணும்

கோட்டையூர் ஆச்சி: அப்ப என்ன பண்றது, ஒத்துக்கிட்டேனே

தேவகோட்டை அயித்தை: மசாலா சீயம் போடு. அதே பச்சரிசி உளுந்து தான, அரிசிய உழக்குல தலை தட்டி அளந்து அதுமேல உளுந்த கோபுரமா வச்சு அளக்கறது ஒனக்குத் தெரியும், அதுலயே வெங்காயம் மொளகா தேங்கா தாளிச்சுக் கொட்டிட்டா ஒரு ஈட்டுக்கு பத்துப் பதினஞ்சு விழும். பணியாரந்தான் வேணும்னு நின்னா சாந்திக்காரவுக ரெண்டு பேருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் மட்டும் ஊத்திக் குடு. கவுனிய மொத நாள் ராத்திரியே ஊறப்போட்டுரு. தேங்கா சட்னி வேணவே வேணாம், மத்தியானம் அரைச்சது இந்த வெக்கைல சாயங்காலம் ஊசிப்போயிரும், வரமொளகாய்த் தொவையல் எண்ணெய்ல நல்லா சுருள வதக்கிட்டா நிக்கும்

பெங்களூர் தம்பி: இது மாதிரி சின்ன யாவாரம்னா உணவுப் பாதுகாப்புல ரிஜிஸ்ட்ரேசன் மட்டும் போதும், ஆன்லைன்லயே போட்டுறலாம். போட்டோவும் ஆதாரும் அனுப்புங்க. எந்த வீட்டு அட்ரஸ்

கோட்டையூர் ஆச்சி: வளவு வீடுதான், ரெண்டாங்கட்டு அடுப்படி சும்மாதான கெடக்கு

சென்னை அம்மான்: கரண்டு கார்டு இன்னும் ஐயா பேர்ல இருக்கு. பங்காளி எல்லாருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க, நாளைக்குப் பேச்சு வரும்

பள்ளத்தூர் அண்ணன்: நோம்புக்கு ஒரு நாள் வந்துட்டுப் போறவுக பேச்சு வேறயா

_பள்ளத்தூர் அண்ணன் இந்த மெசேஜை நீக்கிவிட்டார்_

சென்னை அம்மான்: படிச்சுட்டேன் தம்பி

கோட்டையூர் ஆச்சி: இப்ப போன் போட்டுப் பேசிட்டேன், சீயத்துக்கு சரின்னுட்டாக. எலைக்கு 120 சொன்னேன், 110ல நிக்கிறாக, ஆனா பாதிப் பணம் முன்னாடியே தர்றாகளாம்

பெங்களூர் தம்பி: பணம் கைக்கு வந்தப்பறம் மளிகை வாங்குங்க

கோட்டையூர் ஆச்சி: சரி தம்பி. சாமான் அறைல பித்தளை அண்டா நாலு இருக்கே, அத எடுத்துக்கறேன், வாடகைச் சாமான் மிச்சம்

தேவகோட்டை அயித்தை: ஈயம் போயிருக்கும், பூசாம அதுல தயிரு புளி எதையும் வச்சுராத. கவுனிக்கு வேணும்னாலும் பூசிட்டே எடு. சாவி எங்கிட்ட இருக்கு, நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி வா

கோட்டையூர் ஆச்சி: எட்டு மணிக்கு வர்றேன் அயித்தை