அம்மா நின்று வாசிப்பாரா? – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான்: அனைவருக்கும் ஸ்தோத்திரம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரத்தை வருகிற ஞாயிறு ஆராதனையிலேயே ஏறெடுக்க ஆயர் இசைந்திருக்கிறார். அன்று வேதபாடத்தைத் தாமே நின்று வாசிக்கப்போவதாக அம்மா சொல்கிறார். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்னும் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார் என்பதால், உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பெங்களூர் அண்ணன்: வேண்டாம். வீட்டிலேயே ஜெபம் வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை ஜெபத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் விழுந்திருக்கவே மாட்டார்.

ராணிப்பேட்டை சித்தி: தூரத்தில் இருந்துகொண்டு தடை சொல்வது எளிது, கண்ணு. போன கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. அக்கா எழுந்து நடப்பார். விசுவாசம் உள்ளவருக்குச் சக்கர நாற்காலி எதற்கு?

அண்ணி: சின்ன அத்தை, அவர் கவலையில்தான் அப்படிச் சொன்னார்.

காட்பாடி மாமா: சின்னக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. மருத்துவர் மேரி வர்கீஸைப் பற்றி நம் வீட்டில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த பின், அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதில் அவருடைய உழைப்பு பெரியது. அந்தக் கால்கள் மீண்டும் நடக்கவில்லை. அதற்காக அவருடைய விசுவாசத்தை யாராவது குறைத்துப் பேசுவோமா? வயதான காலத்தில் பெலன் கேட்டு ஜெபிக்கும்போது நாம் பெரும்பாலும் இளவயதுக் கால்களையே திரும்பக் கேட்கிறோம். மீதியிருக்கிற பெலனை வைத்து இன்றைய வேலையை முடிக்கிற பொறுமையைத்தான் கர்த்தர் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுலும், புறம்பான மனுஷன் அழிவதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளான மனுஷன் புதிதாவதைப் பற்றிப் பேசுகிறார்.

ராணிப்பேட்டை சித்தி: சரி, பிரசங்கம் புரிந்தது.

சென்னை தங்கை: மாமா, ஞாயிறன்று நீங்கள் ஜெபித்து முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா யார் வாங்கி வருகிறீர்கள்?

அண்ணி: அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது.

சென்னை தங்கை: அது அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு, அண்ணி.

பெங்களூர் அண்ணன்: முதலில் அம்மாவின் காரியத்தை முடிவு செய்யுங்கள்.

நான்: அண்ணா, அம்மா தினமும் எப்படி நடக்கிறார் என்பதை நீ பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். கட்டிலிலிருந்து கூடத்து ஜன்னல் வரை நடக்கும்போது 136ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார். வாக்கரை நகர்த்தும்போது வசனத்தின் முற்பகுதி, காலை எடுத்து வைக்கும்போது "அவர் கிருபை என்றுமுள்ளது" என்கிற பிற்பகுதி; இப்படியே 26 வசனங்களும் போகும். அப்பாவை அடக்கம் செய்த பிறகு நெடுநாள் அந்தப் பிற்பகுதியை அவரால் வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை. இப்போதும் வலி மிகுந்தால் நடுவில் நின்று அழுதுவிடுகிறார். ஆனால் எந்த வசனத்தில் நின்றாரோ, மாலையில் அதே வசனத்திலிருந்து தொடங்குகிறார். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற என்னால் அவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பெங்களூர் அண்ணன்: இதை நீ முன்பே சொல்லியிருக்கலாம்.

என் மகள்: பெரியப்பா, ஆயா இப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று மோசேயின் கைகள் அசந்துபோயின. ஒரு கல்லை வைத்து அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். கல்லின்மேல் உட்கார்ந்ததால் மோசேக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா? கோயில் வாசலிலிருந்து நாற்காலியில் தள்ளிக்கொண்டு போங்கள். வாசிக்கிற நேரம் மட்டும் நான் நிற்பேன். ஒரு பக்கம் பெரியவன் வந்து நிற்கட்டும்."

காட்பாடி மாமா: ஆமென்.

ராணிப்பேட்டை சித்தி: மறுபக்கம் நான் நிற்கிறேன்.

காட்பாடி மாமா: சின்னக்கா, உங்களுக்கே முழங்கால் வலி.

பெங்களூர் அண்ணன்: விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்கிறேன். எந்தப் பாடம் வாசிக்கிறார்?

நான்: வேறு எது? அதே சங்கீதம்தான்.

அண்ணி: 26 வசனங்களும் நின்றுகொண்டா?

நான்: ஒவ்வொரு வசனத்தின் பிற்பகுதியையும் சபையார் மறுமொழியாகச் சொன்னால் அம்மாவுக்கு இடையிடையே மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ஆயரிடம் இன்றிரவு கேட்கிறேன். பக்கவாசல் படியில் பலகை போட முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சென்னை தங்கை: அப்படியானால் மக்கன் பேடாவை நானே சொல்லிவிடட்டுமா?

அண்ணி: அண்ணன் வருவது உறுதியாகட்டும், பிறகு கணக்குப் பார்க்கலாம்.