மகள் ஓர் ஆண்டு தன்சானியாவில், அருட்சகோதரிகளின் பெண்கள் பாடசாலையில் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாள்: அனுப்பலாமா?

நெய்தல்நிலா (ஜேர்மனி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்கு 19 வயது. பல்கலைக்கழகம் போவதற்கான அபிற்றூர் பரீட்சையை நல்ல புள்ளிகளுடன் முடித்துவிட்டாள். அடுத்து மருத்துவம் படிப்பாள் என்றுதான் நானும் அவளுடைய அப்பாவும் எண்ணியிருந்தோம். கடந்த ஓகஸ்ட் மாதம் கேவெலார் திருத்தலத்து மாதாவிடம் நம்மவர்கள் கூடும் யாத்திரைக்குப் போயிருந்தபோது அங்கே ஓர் அருட்சகோதரியுடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். கிலிமஞ்சாரோ மலையடிவாரத்தில் அவருடைய சபையினர் நடத்தும் பெண்கள் விடுதிப் பாடசாலையில் ஓர் ஆண்டு தங்கித் தொண்டு செய்ய வேண்டும் என்பதே அன்றிலிருந்து அவள் பேச்சாக இருக்கிறது. விண்ணப்பித்து, நேர்முகமும் முடிந்து, வருகிற செப்டெம்பரில் புறப்படலாம் என்று கடிதமும் வந்துவிட்டது.

என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். பூசைக்கு வா என்று நான் பலமுறை கூப்பிட்டால்தான் எழும்பி வருகிற பிள்ளை, விடிவதற்கு முன் செபத்துக்கு எழும்புகிற மடத்தில் ஓராண்டு இருக்கப் போகிறேன் என்கிறாள். கன்னியாஸ்திரியாகும் எண்ணம் உள்ளூர வந்துவிட்டதோ என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத 19 வயதுப் பிள்ளையால் அங்குள்ள மாணவிகளுக்கு என்ன படிப்பிக்க முடியும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் அகதிகளாக வந்து, இரவு பகலாக உணவகங்களில் பாத்திரம் கழுவி வளர்த்த பிள்ளை ஓராண்டுப் படிப்பை இழக்கிறாள் என்று உறவினர் சொல்லும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன். பணம், காப்புறுதி, காய்ச்சல் ஆகிய கவலைகளும் உண்டு. இப்படிப் போய் வந்தவர்கள் அல்லது அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மலையடிவாரம் (எசன்) எழுதியது:

வணக்கம் அன்ரி. 2017 செப்டெம்பர் முதல் 2018 ஓகஸ்ட் வரை நான் கிலிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி நகருக்கு மேலே, வாழைத்தோட்டங்களுக்கும் கோப்பிச் செடிகளுக்கும் நடுவில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையில் இருந்தேன். அப்போது எனக்கும் 19 வயதுதான். அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன். உங்கள் மகளின் பாடசாலை வேறாக இருக்கலாம்.

என்ன படிப்பிக்க முடியும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதங்களும் நான் எதையும் படிப்பிக்கவில்லை. அந்நாட்டில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நம் தொண்டர்களோ செப்டெம்பரில் போய் இறங்குகிறோம். இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம், நான்காம் படிவ (வகுப்பு) மாணவிகளுக்கு நவம்பரில் தேசியப் பரீட்சை இருந்தது. அந்த நேரத்தில் புதிதாக வந்த ஒருத்திக்கு வகுப்பைக் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆகவே நான் அருட்சகோதரிகளுடன் முற்றம் கூட்டினேன், மக்காண்டே எனப்படும் சோளமும் அவரைவிதையும் சேர்த்த சாப்பாட்டுக்காக நாள்தோறும் கல் பொறுக்கினேன், அந்நாட்டு மொழியான சுவாகிலியைப் படித்தேன். அங்கே மணிக்கணக்கை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நாழிகையை விடியலிலிருந்து எண்ணிய நம் பாட்டன்மாருக்கு அது உடனே விளங்கியிருக்கும். எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன.

ஜனவரியில் முதலாம் படிவத்துப் பிள்ளைகள் வந்தபோதுதான் என்னால் ஆகக்கூடிய வேலை ஒன்று இருப்பதைக் கண்டேன். அரசின் ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பாடங்களையும் சுவாகிலியில் படித்த அந்தப் பிள்ளைகள், இடைநிலைப் பாடசாலையில் கால் வைத்த நாள் முதல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். ஒரு மாலைப் படிப்பு நேரத்தில் ஒரு பிள்ளை பின்னக் கணக்கொன்றை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருந்தாள். நான் அவள் அருகில் அமர்ந்து, "நுசு"வும் "ரோபோ"வும், அதாவது அரையும் காலும், சேர்ந்தால் எவ்வளவு என்று சுவாகிலியில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் "ரோபோ தாத்து", முக்கால், என்றாள். கணக்கு அவளுக்கு முன்பே தெரியும். தாளில் இருந்த ஆங்கிலச் சொற்கள்தாம் வழிமறித்து நின்றன. அதன் பின் ஒவ்வொரு மாலையும் கணித ஆசிரியை தந்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டு எட்டுப் பத்துப் பிள்ளைகளுடன் அமர்வதே என் வேலையாயிற்று. அதற்கு ஆசிரியப் பயிற்சி தேவைப்படவில்லை. அதற்குள் நான் ஓரளவு சுவாகிலி பழகியிருந்தது தேவைப்பட்டது.

உங்கள் மகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இளையவர் மூத்தவரைக் கண்டால் அங்கே "ஷிகமோ" என்பார்கள். உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது அதன் பொருள் என்பார்கள். மூத்தவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். ஆசிரியர் என்ற மதிப்பினால் ஐந்தாம், ஆறாம் படிவ மாணவிகளும் எனக்கு அப்படிச் சொன்னார்கள். அவர்களில் சிலர் என் வயதினர். ஒருத்தி என்னைவிட மூத்தவள். ஒவ்வொரு முறையும் மனம் கூசியது. கடைவீதிக்குப் போனால் என்னை "முஹிந்தி", இந்தியப் பெண், என்று அழைத்து, எந்தக் கடை உங்களுடையது என்று கேட்பார்கள். அந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்த இந்திய வம்சாவளியினரைப் பற்றியும், 1971இல் அவர்களில் பலருடைய வாடகைக் கட்டடங்கள் அரசுடைமையாக்கப்பட்டது பற்றியும் நான் அங்கு போன பின்தான் அறிந்தேன். ஜேர்மனியில் வெளிநாட்டுப் பிள்ளையாக வளர்ந்த நான், அங்கே வசதி படைத்த இனத்தின் பிள்ளையாகப் பார்க்கப்பட்டேன். முன்பே படித்துவிட்டுப் போவது நல்லது.

செபத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் நம்பிக்கையில் உறுதியாக இருந்து அங்கே போனவள் அல்லள். பெப்ரவரியில் ஒரு நாள் காலை விடுதியில் ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. கர்ப்பமான மாணவிகளைப் பாடசாலையிலிருந்து நீக்கிவிடுவது அக்காலத்தில் அந்நாட்டு நடைமுறை. பிள்ளை பெற்ற பின் திரும்பி வந்து படிக்கலாம் என்று அரசு அறிவித்தது 2021 நவம்பரில்தான். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று இரவு சிற்றாலயத்தில் வயதான சகோதரி ஒருவர் மட்டும் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லி, செபமாலையின் பத்து மணிகளைச் செபித்தார். நானும் முழந்தாளிட்டேன். அதற்குப் பிறகு காலைச் செபத்துக்கு யாரும் என்னை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நான் கன்னியாஸ்திரியாகவில்லை அன்ரி. மணம் முடித்து, இப்போது ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன்.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பாடசாலைகளில் நான்காம் படிவம் வரை 2016 முதல் கட்டணம் இல்லை. திருச்சபை நடத்தும் விடுதிப் பாடசாலைகளில் உண்டு. கட்டணம் செலுத்த இயலாத ஒரு மாணவிக்கு, படித்து முடிக்கும் வரை நான் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் இரண்டு தவணைகளுக்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியைச் சகோதரிகளே சுமந்தார்கள். தன்னால் காப்பாற்ற முடியாத எந்த வாக்கையும் அங்கே எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

பழைய மாணவி (மானிப்பாய்) எழுதியது:

தங்கச்சி, போகிற பிள்ளைகள் பலரும் எழுதுகிறார்கள். வரவேற்கிற பாடசாலையின் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். நான் உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவள். பின்னர் வேறிடங்களில் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். உடுவில் பாடசாலையை அமெரிக்க மிஷனரிமார் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையாகத் தொடங்கினார்கள். 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணிசெய்தார்; இடையில் ஒருமுறையேனும் தம் நாட்டுக்குத் திரும்பிப் போகாமல், 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்ணை மூடினார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். முதலில் ஒரு மாணவியையும், பின்னர் அவளுடைய மகளையும், அதன் பின் பேத்தியையும் படிப்பிக்கும் அளவுக்கு அவர் தங்கினார். எல்லோராலும் அப்படி இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஓராண்டு என்பது ஒரு பாடசாலையின் கணக்கில் எவ்வளவு சிறியது என்பதை உங்கள் பிள்ளை உணர்ந்து போக வேண்டும்.

நான் கற்பித்த ஒரு பாடசாலைக்கு ஐரோப்பாவிலிருந்து இரண்டு இளம்பெண்கள் தொண்டர்களாக வந்தார்கள். மிகவும் நல்ல பிள்ளைகள்; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வந்ததும் ஆங்கில ஆசிரியையை வேறு வகுப்புகளுக்கு மாற்றிவிட்டு, எட்டாம் வகுப்பை அவர்களிடம் முழுமையாக ஒப்படைத்தார்கள். யூன் மாதம் அவர்கள் விடைபெற்றபோது பாட்டும் மாலையும் அழுகையுமாக இருந்தது. மறுநாளிலிருந்து தவணை முடியும் வரை அந்த வகுப்புக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை. விடுதியிலிருந்த சிறுபிள்ளைகள் மாதக்கணக்கில் அவர்களுடைய கடிதத்தை எதிர்பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வேறிருவர் வந்தார்கள். பிள்ளைகள் மறுபடியும் ஒட்டிக்கொண்டார்கள், மறுபடியும் அழுதார்கள். தாய் தகப்பனைப் பிரிந்து விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒரு பிரிவு வேண்டுமா என்று நான் அப்போதே அதிபரிடம் கேட்டேன்.

ஆகையால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே எழுதிய பிள்ளை செய்தது போல, நிரந்தர ஆசிரியையின் கீழ், அவர் தருகிற வேலையைச் செய்கிற துணையாக இருந்தால் அது நல்ல பணி. உங்கள் மகள் புறப்படுவதற்கு முன் அந்தப் பாடசாலைக்கு எழுதி இரண்டு விடயங்களைக் கேட்கட்டும்: நான் இருக்கப்போகும் வகுப்பின் ஆசிரியர் யார், நான் போன மறுநாள் அந்த வேலையைச் செய்யப்போகிறவர் யார். தெளிவான பதில் வந்தால் நம்பி அனுப்பலாம்.

கருத்தரங்குத் துணைவர் (கொலோன்) எழுதியது:

கத்தோலிக்கத் துறவற சபைகள் வழியாகப் போகிறவர்களுக்கான முன்தயாரிப்புக் கருத்தரங்குகளில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நடைமுறை விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

இவ்வகைத் தொண்டாண்டுகளில் பல, ஜேர்மன் அபிவிருத்தி அமைச்சு 2008இல் தொடங்கிய வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. பொதுவாக 18 முதல் 28 வயது வரையுள்ளவர்கள் சேரலாம்; ஜேர்மன் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். செலவில் 75 விழுக்காடு வரை அரசு தருகிறது. மீதிக்காக, உறவினரையும் பங்கு மக்களையும் சேர்த்து ஒரு நன்கொடையாளர் வட்டத்தை அமைக்குமாறு அனுப்பும் சபை உங்கள் மகளைக் கேட்கும். பயணம், தங்குமிடம், உணவு, காப்புறுதி, சிறிய கைச்செலவுப் பணம் ஆகியவை திட்டத்துக்குள் வந்துவிடும். கிண்டர்கெல்ட் எனப்படும் பிள்ளைகளுக்கான அரச உதவிப்பணம் நிற்காது. போவதற்கு முன்னும், அங்கும், திரும்பிய பின்னும் மொத்தம் 25 நாட்கள் கருத்தரங்கு உண்டு. சிறுவர்களுடன் பணிபுரிபவர்களிடம் கேட்கப்படும் விரிவான பொலிஸ் நற்சான்றும் தேவை. மாணவிகளின் முகம் தெரியும் படங்களைச் சமூக ஊடகங்களில் போடக் கூடாது என்பதை நாங்கள் மிகவும் கண்டிப்பாகச் சொல்கிறோம். உங்கள் பிள்ளையின் வகுப்புப் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் தம் பக்கத்தில் போட்டால் இங்கே எந்தப் பெற்றோரும் பொறுக்க மாட்டார்கள்.

படிப்பைப் பற்றி: மருத்துவத்துக்கு இடம் கிடைத்த பின் இத்தகைய சேவைக்குப் போகிறவர்களுக்கு, திரும்பி வந்து விண்ணப்பிக்கும்போது முன்னுரிமை உண்டு. எனவே புறப்படுவதற்கு முன் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மலேரியாவைப் பற்றி வெப்பமண்டல நோய் மருத்துவரிடம் நேரில் ஆலோசனை பெறுங்கள். நுளம்பு வலையைவிட, காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கமே பல பிள்ளைகளுக்கு வருவதில்லை.

துறவற அழைத்தலைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். இந்தத் தொண்டர்களைச் சபைகள் "குறிப்பிட்ட காலத்துக்கான மறைப்பணியாளர்" என்று அழைக்கின்றன. உடன் வாழ்தல், உடன் செபித்தல், உடன் உழைத்தல் என்பதே அவர்களுக்குச் சொல்லப்படும் வழி. நான் அறிந்தவர்களில் பெரும்பாலானோர் மருத்துவம், ஆசிரியம், சமூகப்பணி என்று போய்விட்டார்கள். தயங்காமல் மகளிடமே கேட்டுவிடுங்கள். அம்மா கேட்கப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் சொல்லவும் பயப்படுவார்கள்.

நெய்தல்நிலா எழுதியது:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் மகளுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கன்னியாஸ்திரியாகப் போகிறாயா என்று கேட்டும்விட்டேன். "தெரியாது அம்மா, ஆனால் அதற்காகப் போகவில்லை" என்றாள். அப்பா இன்னும் முழுமனதாக இல்லை. ஆனால் நன்கொடையாளர் வட்டத்தில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். ரீச்சர் சொன்ன இரண்டு கேள்விகளையும் மகள் பாடசாலைக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அங்கே மாணவிகள் எல்லோரும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிற படத்தைப் பார்த்தேன். இவளுக்கு இடுப்பு வரை முடி, வெட்டத்தான் வேண்டுமா?

மலையடிவாரம் எழுதியது:

வேண்டாம் அன்ரி. அந்த ஒழுங்கு மாணவிகளுக்கு மட்டுமே. சனிக்கிழமை பின்னேரங்களில் துணி துவைத்து முடித்ததும் நாலைந்து பேர் வந்து, அவளை வாசற்படியில் இருத்தி, சீப்பும் கையுமாகப் பின்னத் தொடங்குவார்கள். தங்கள் தலையில் பின்ன முடியாததை அவள் தலையில் பின்னிப் பார்ப்பார்கள். தேங்காயெண்ணெய் கொடுத்துவிடுவதானால் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். 2019 யூன் முதல் அந்நாட்டுக்குள் பொலித்தீன் பைகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை.