அப்பாவின் அம்பாசடர்: வண்டியில் ஒரு சேஸிஸ் எண், ஆர்.சி. பதிவில் வேறொரு எண். வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா ஓட்டிய 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டில் நிற்கிறது. வண்டி ஜோராக ஓடுகிறது, பேப்பர்தான் தகராறு.

சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பொறித்த எண்ணைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். கடைசி இலக்கம் 8. பழைய ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்திலும் 8தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றியபோது யாரோ 3 என்று அடித்திருக்கிறார்கள். சரி, இதைத் திருத்திவிடலாம். இஞ்சின்தான் பெரிய தலைவலி. 90களில் அப்பா வேறு இஞ்சின் போட்டார், ஆர்.சி.யில் பதியவேயில்லை. பில்லும் இல்லை. மெக்கானிக்கைக் கேட்டால், "அப்பல்லாம் யாரு தம்பி பார்த்தா" என்கிறார்!

அப்பா தவறிவிட்டார். உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், தங்கையின் சம்மதக் கடிதம் எல்லாம் தயார். புதுச்சேரிக்கு மாற்றப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எண்கள் ஒத்துப்போகாமல் நகராது என்கிறார்கள்.

முதலில் இஞ்சின் மாற்றத்தைப் பதிவதா, பெயர் மாற்றமா? பில் இல்லாத இஞ்சினுக்கு நோட்டரி அபிடவிட் போதுமா? 50 வயது தாண்டிய வண்டி, வின்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டவும் தயார். இஞ்சின் மாறியிருந்தால் கொடுப்பார்களா? கடலூர் பக்கம் செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள். புரோக்கர் நம்பர் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள்.